புல்லை மழித்தால் கொசு போகாது

ஜூன் இரண்டாவது வாரம் மும்பையில் பருவமழை இறங்குகிறது. ஜூலை பாதிக்குள் செம்பூர் ஹவுசிங் சொசைட்டிகளில் மதில் ஓரத்திலும் பம்ப் ரூமுக்குப் பின்னாலும் முழங்கால் உயரத்துக்குப் புல் நின்றுவிடும். உடனே கமிட்டியில் பேச்சு எழும். கொசு மொய்க்கிறது, பாம்பு வந்துவிடும், பிள்ளைகள் விளையாடுகிற இடம், ஒரு மெஷின் வாங்கிப் போட்டுவிடுவோம் என்பார்கள். பெட்ரோலில் ஓடும் பிரஷ் கட்டர் பத்தாயிரம் ரூபாய்க்குள்ளேயே ஆன்லைனில் கிடைக்கிறது. தோட்டக்கார மாலிக்காகக் காத்திருக்க வேண்டாம், மாநகராட்சிக்கு மனுப் போட வேண்டாம், நினைத்த நாளில் வெட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுவார்கள். தனி பங்களா வைத்திருப்பவர்களின் கணக்கும் இதுதான். எங்கள் சொசைட்டியில் இந்தப் பேச்சு வந்தபோதும் கை தூக்கி மறுத்தவர்கள் குறைவு. சுத்தம் என்ற பெயரில் வரும் எதையும் மறுக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

நான் மறுக்கிறேன். வீட்டுக்கும் சொசைட்டிக்கும் சொந்தமாக ஒரு பெட்ரோல் புல்வெட்டி தேவை என்று சொல்லப்படும் காரணங்கள் எவையும் நிற்பவை அல்ல. அந்த மெஷின் கொண்டுவரும் கேடுகளோ நிஜமானவை. அவற்றைச் சுமப்பவர்கள் அதை வாங்க ஓட்டுப் போட்டவர்களும் அல்லர்.

முதலில் கொசு. புல்தான் கொசுவுக்குக் காரணம் என்றால் தாராவியில் கொசுவே இருக்கக் கூடாது. தொண்ணூறு அடி சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள்தான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள். அந்தச் சந்துகளில் புல் முளைக்க மண்ணே கிடையாது. ஆனாலும் மழைக்காலம் வந்தால் அங்கே டெங்குவும் மலேரியாவும் வருகின்றன. குழாயில் தண்ணீர் சில மணி நேரம்தான் வரும். அதைப் பிடித்து நீல டிரம்மில் சேமிக்க வேண்டும். தகரக் கூரை ஒழுகாமலிருக்கத் தார்ப்பாய் போட்டு, அது பறக்காமலிருக்கப் பழைய டயரை ஏற்றி வைக்க வேண்டும். அந்த டிரம்மிலும் தார்ப்பாய் மடிப்பிலும் டயர்க் குழியிலும் நிற்கும் தண்ணீரில்தான் கொசு முட்டையிடுகிறது. புல் இல்லாத இடத்திலும் கொசு உண்டு. தண்ணீர் தேங்காத இடத்தில் கொசு பிறப்பதில்லை.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி சுத்தமான தேங்கிய நீரில், அதுவும் சின்னப் பாத்திரங்களில் முட்டையிட விரும்பும் கொசு. பகலில் கடிக்கும். கடித்த பின் ஓய்வெடுக்கப் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இடம் தேடும்: கட்டிலுக்கு அடியில், கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னால், அலமாரி மூலையில். நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டெஃபன்ஸி கிணறு, மொட்டைமாடித் தொட்டி, கட்டுமான இடங்களில் தேங்கும் நீர் இவற்றில் பெருகுகிறது. இரவில் காதருகே ரீங்காரமிடும் க்யூலெக்ஸ் சாக்கடையில் பிறப்பது. மூன்றில் ஒன்றுகூடப் புல்லில் முட்டையிடுவதில்லை. வெளியே செடிப் புதர்களில் ஓய்வெடுக்கும் ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற இன்னொரு வகை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதுவும் பிறப்பது சிரட்டையிலும் மரப்பொந்திலும் இலைக்காம்பின் இடுக்கிலும் நிற்கும் நீரில்தான். அந்த நீரைக் கொட்டாமல் புதரை மட்டும் வெட்டினால் அது பக்கத்துப் புதருக்குப் போகும்.

இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. சார்லஸ் பென்ட்லி என்ற மருத்துவ அதிகாரி பம்பாயின் மலேரியாவை ஆராய்ந்து 1911இல் அறிக்கை கொடுத்தார். நோய் எங்கிருந்து வருகிறது என்று தேடியவர் தெருத் தெருவாக, வீடு வீடாகப் போய்க் கிணறுகளையும் தொட்டிகளையும் சோதித்தார். குற்றவாளி ஸ்டெஃபன்ஸி என்றும், அதன் தாய்வீடு நகரத்தின் கிணறுகள் என்றும் எழுதினார். அதைத் தொடர்ந்து கிணறுகளை மூடச் சொன்னபோது பார்சிகளும் இந்துக்களும் மதக் காரணம் சொல்லி எதிர்த்தார்கள். பெரிய வாக்குவாதமே நடந்தது. ஆனாலும் தேடல் சரியான இடத்தில் நடந்தது. நூறு ஆண்டுக்கு மேல் ஆன பின்பு, அதே நகரத்தில், நாம் கிணற்றையும் தொட்டியையும் விட்டுவிட்டுப் புல்லின் தலையைச் சீவிக்கொண்டிருக்கிறோம்.

மாநகராட்சியின் பூச்சித் தடுப்புப் பணியாளர் சொசைட்டிக்குள் வந்தால் என்ன பார்க்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். நேராக மொட்டைமாடிக்கு ஏறித் தொட்டி மூடியைத் திறந்து பார்ப்பார். பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டைத் தூக்குவார். மணி பிளான்ட் பாட்டிலில் டார்ச் அடிப்பார். ஏ.சி. தண்ணீர் விழும் பக்கெட், லிஃப்ட் குழி, கார் நிறுத்துமிடத்தில் கிடக்கும் தெர்மாகோல் பெட்டி என்று ஒவ்வொன்றாகப் போவார். 1888ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டப்படி நோட்டீஸ் வருவதும் கொசு வளரவிட்ட தண்ணீருக்குத்தான். பத்தாயிரம் ரூபாய் இருந்தால் தொட்டிகளுக்கு இறுக்கமான மூடியும் வழிந்தோடும் குழாய்க்கு வலையும் போடலாம். அந்தத் தீர்மானம் எந்தக் கமிட்டியிலும் இவ்வளவு வேகமாக நிறைவேறுவதில்லை. புல் கண்ணில் படுகிறது. மொட்டைமாடித் தொட்டி கண்ணில் படுவதில்லை.

பாம்பு பற்றிய பயத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். மும்பையில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் உண்டு. ட்ராம்பே குன்றுகளை ஒட்டியிருக்கும் செம்பூரில் இந்தப் பயம் நியாயமானது. நடைபாதையின் இருபுறமும் விளையாடும் இடத்திலும் புல் குட்டையாக இருக்க வேண்டும். கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். புதர்ச்செடிகளில் வாழும் சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் 2018இல் நாக்பூர் வட்டாரத்தில் பலரைப் படுக்க வைத்தது. ஆகவே புதருக்குள் பிள்ளைகளை விடச் சொல்லவில்லை. ஆனால் பாம்பு புல்லைத் தேடி வருவதில்லை, எலியைத் தேடி வருகிறது. சிற்றுண்ணியைச் சுமப்பதும் எலிதான். எலிக்காய்ச்சலும் அதே எலியிடமிருந்துதான். 2005 ஜூலை 26இல் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான பிறகு இந்த நகரம் எலிக்காய்ச்சலால் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டோம். மூடியில்லாத குப்பைத் தொட்டி, சமையலறைக் கழிவு விழும் டக்ட், ரீடெவலப்மென்ட் வருமென்று வருஷக்கணக்காக மதிலோரம் குவித்து வைத்த உடைந்த டைல்ஸும் மரச்சட்டமும்தான் எலியையும் பாம்பையும் குடிவைக்கின்றன. மெஷினால் வெட்டி, அள்ளாமல் மூலையில் குவித்துவிடும் புல்லும் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

ஆக நடைபாதை ஓரத்துக்கு ஒரு வெட்டு தேவை. அதற்கு ஒரு கதிர் அரிவாளும் பாதி நாள் கூலியும் போதும்.

இப்போது மெஷினைப் பார்ப்போம். சுழலும் நரம்பால் புல்லை வெட்டும் கருவியை 1971இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் ஜார்ஜ் பல்லாஸ் உருவாக்கினார். கார் கழுவும் இடத்தில் சுழன்ற தூரிகைகளைப் பார்த்து அந்த யோசனை வந்தது. ஒரு தகர டப்பாவில் தூண்டில் நரம்பைக் கோத்துச் சுழலவிட்டார். தோட்டத்து மரங்களின் பட்டை காயப்படாமல் அடியிலிருக்கும் புல்லை வெட்ட வேண்டும் என்பதே அவர் நோக்கம். இன்று நம் ஊரில் விற்பனையாகும் மலிவு மெஷின் அதன் பெயரன் என்றுகூடச் சொல்ல முடியாது. 52 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், தடித்த நைலான் நரம்பு, அதற்கும் அடங்காத புல்லுக்கு மூன்று முனை இரும்பு பிளேடு.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் என்னவென்று மும்பைக்காரர்களுக்குத் தெரியும். உள்ளே வரும் பெட்ரோல் கலவையே எரிந்த புகையை வெளியே தள்ளுவதால், பெட்ரோலில் கால் பங்கு வரைகூட எரியாமலே புகையோடு வெளியேறுகிறது. உயவுக்கு ஊற்றிய ஆயிலும் சேர்ந்து எரிகிறது. அந்த நீலப் புகையில் பென்சீன் இருக்கிறது. முழு வேகத்தில் ஓட்டினால் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் பெட்ரோல் குடிக்கும். ஸ்கூட்டருக்குக் கேட்கும் பி.யூ.சி. சான்றை இதற்கு யாரும் கேட்பதில்லை. கலிஃபோர்னியா மாநிலக் காற்று வாரியம் ஒரு கணக்குச் சொல்கிறது: தொழில்முறைப் புல்வெட்டும் வண்டி ஒன்றை ஒரு மணி நேரம் ஓட்டினால் வரும் புகைமூட்ட மாசு, ஒரு காரை 480 கிலோமீட்டர் ஓட்டுவதற்குச் சமம். வாரந்தோறும் புல்வெளி வெட்டுவதை வாழ்க்கைமுறையாக வைத்திருக்கும் அந்த மாநிலம், 2024 முதல் புதிய பெட்ரோல் தோட்டக் கருவிகளின் விற்பனைக்கே முடிவு கட்டத் தொடங்கிவிட்டது. அவர்கள் கைவிடும் பொருளை நாம் முன்னேற்றம் என்று வாங்குகிறோம்.

அதுவும் எந்த ஊரில் வாங்குகிறோம்? செம்பூரில். மாஹுலின் சுத்திகரிப்பு ஆலைகள், ட்ராம்பேயின் உரத் தொழிற்சாலை, அனல் மின் நிலையம், 1927 முதல் குப்பை கொட்டப்படும் தேவ்னார் மைதானம் எல்லாவற்றையும் மூச்சில் வாங்குகிற ஊர் இது. 2016 ஜனவரியில் தேவ்னார் குப்பை எரிந்து புகை மூடிய நாட்கள் நினைவிருக்கும். மாஹுல் மக்கள் பல ஆண்டு போராடியதன் பேரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஆகஸ்டில் நான்கு நிறுவனங்கள் 286 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்கும் முன்பு, 1999இல் புகையால் பாதிக்கப்பட்ட குடியிருப்போர் மன்றம் உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கிலிருந்துதான் மும்பையின் டாக்ஸிகள் சி.என்.ஜி.க்கு மாறிய கதை தொடங்குகிறது. சாதாரண மக்கள் நீதிமன்றப் படி ஏறி வாங்கிய சுவாசம் அது. ஆலைக்கும் டாக்ஸிக்கும் எதிராக நியாயம் கேட்ட நாம், நம் ஜன்னலுக்குக் கீழே அதைவிட மட்டமான எஞ்சினை நாமே ஓடவிடுவது எந்த நியாயத்தில் சேரும்? ஆலையின் புகையோடு ஒப்பிட்டால் இது அற்பம் என்பார்கள். ஆலைப் புகைபோக்கி வானத்தில் இருக்கிறது. இந்தப் புகை தரைத்தளத்து வீட்டின் கிரில்லுக்கு நாலடி தூரத்தில் வருகிறது. ஆஸ்துமாவோடு படுத்திருக்கும் முதியவருக்கு நகரத்தின் சராசரிக் கணக்கு எந்த ஆறுதலும் தராது.

சத்தம் வேறு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகல் நேர அளவாக 55 டெசிபல் வைத்திருக்கின்றன. பிரஷ் கட்டரைப் பிடித்திருப்பவர் காதில் 95 டெசிபலுக்கு மேல் விழுவது சாதாரணம்.

பிடித்திருப்பவர் யார் என்பதில்தான் என் கோபம் முழுவதும் இருக்கிறது. செகரட்டரியும் ட்ரெஷரரும் அதைத் தோளில் மாட்டிக்கொள்வதில்லை. சொந்த மெஷின் வந்த அன்றே அது வாட்ச்மேனின் வேலையாகிவிடுகிறது. அவர் உத்தரப் பிரதேசத்திலிருந்தோ பீகாரிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வந்தவர். இரவுப் பணி முடித்தவரை, கூடுதல் சம்பளம் இல்லாமல், பயிற்சி இல்லாமல், ஹவாய் செருப்போடு வெட்டச் சொல்கிறோம். கண்ணாடி இல்லை, காதடைப்பு இல்லை, முழங்காலுக்குக் கவசம் இல்லை. இந்தக் கருவியின் கையேடுகள் சுற்றிலும் 15 மீட்டருக்குள் வேறு ஆள் இருக்கக் கூடாது என்று சொல்கின்றன. மும்பை சொசைட்டியில் மதிலுக்கும் கட்டடத்துக்கும் இடையே 15 அடி இருந்தாலே பெரிய விஷயம். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் நரம்பு கல்லையும் கண்ணாடிச் சில்லையும் கம்பித் துண்டையும் தெறிக்கவிடும். மலேசியத் தோட்டங்களிலும் சாலையோரங்களிலும் இந்த மெஷின் பல ஆண்டுகளாக ஓடுகிறது. கண்ணைத் துளைத்த துகள்களைப் பற்றி அங்கே கண் மருத்துவர்கள் தனி ஆய்வுக் கட்டுரைகளே எழுதியிருக்கிறார்கள். எஞ்சினின் அதிர்வு நாளடைவில் விரல் நரம்புகளையும் ரத்த ஓட்டத்தையும் கெடுக்கும். ஒரு கல் வாட்ச்மேனின் கண்ணில் பட்டால் எந்த சொசைட்டியின் பைலாவில் அதற்கு விடை இருக்கிறது?

பெட்ரோல் கேனை எங்கே வைப்பார்கள் என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் மாடிப்படிக்கு அடியில், மீட்டர் ரூமில். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து சேரும். அதே அறையில் கட்டடம் முழுமைக்கும் மின்சாரப் பெட்டிகள் இருக்கின்றன. இதைவிட அபாயமான இடத்தை யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அக்டோபரில் மழை விடைபெற்றால் மறு ஜூலை வரை மெஷினுக்கு வேலையில்லை. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தொட்டியில் மிச்சமிருக்கும் பெட்ரோல் கெட்டுக் கார்புரேட்டரில் பிசினாக உறையும், ரப்பர் உதரவிதானம் விறைத்துப் போகும். அடுத்த மழைக்குக் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் கிளம்பாது. சொந்த மெஷின் சிக்கனம் என்ற வாதம் இரண்டாவது வருஷம் மெக்கானிக் கடையில் முடிகிறது.

இனி மரங்கள். மாட்டுங்காவில் சாலையோரத்து மரங்களையும், செம்பூரில் சொசைட்டிக்குள் நிற்கும் மரங்களையும் குனிந்து அடியில் பாருங்கள். தரைக்கு ஒரு சாண் உயரத்தில் பட்டை சுற்றிலும் சிராய்ந்திருக்கும். அது நரம்பு அடித்த காயம். மரம் இலையில் சமைக்கும் உணவு பட்டைக்கு உள்ளே இருக்கும் மெல்லிய அடுக்கு வழியாகத்தான் வேருக்குப் போகிறது. அந்த அடுக்கு வட்டமாக அறுந்தால் வேர் பட்டினி கிடக்கும். இளங்கன்று ஒரே பருவத்தில் பட்டுப்போகும். வளர்ந்த மரமானால் காயத்தில் பூஞ்சை புகுந்து அடிமரம் உளுக்கத் தொடங்கும். தென்னைக்கு ஒரு முறை பட்ட காயம் ஆறவே ஆறாது. பிறகு ஒரு ஜூலைக் காற்றில் மரம் விழுந்து கார் நசுங்கும்போது மழையைக் குற்றம் சொல்கிறோம். 1975ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு மரத்தை வெட்ட அனுமதி கேட்க வேண்டும். வருஷம் மூன்று முறை மெஷினால் அடித்து மெல்லக் கொல்வதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

வெட்டப்படுவது வெறும் களை என்ற எண்ணத்தையும் நான் ஏற்கவில்லை. பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள் மாட்டுங்கா ஸ்டேஷன் அருகே பூக்கடைகளில் அருகம்புல்லைக் கட்டுக் கட்டாகக் காசு கொடுத்து வாங்குகிறோம். பிள்ளையாருக்குச் சாத்தும் பத்திரிகளில் ஒன்றான நாயுருவியும் அங்கே விலைக்குக் கிடைக்கும். இரண்டுமே மெஷின் ஓடும் மதிலோரத்தில் தானாக முளைப்பவை. கீழாநெல்லி, மூக்கிரட்டை, குப்பைமேனி, தும்பை, தகரை என்று அம்மாக்களும் பாட்டிகளும் பெயர் சொல்லி அடையாளம் காட்டிய செடிகள் இந்த மழைக்காலப் பசுமைக்குள் இருக்கின்றன. தகரையை மராத்தியர்கள் டாக்ளா என்று சொல்லி, மழைக்காலத் தொடக்கத்தில் தளிரைப் பறித்துப் பாஜி செய்கிறார்கள். சின்ன மஞ்சள் பட்டாம்பூச்சியின் புழு தின்பதும் தகரையின் இலையைத்தான். எலிமருந்து போட்ட மண்ணில் முளைப்பதைச் சமைக்கச் சொல்லவில்லை. ஆனால் பேர் தெரிந்த செடியை யாரும் கண்ணை மூடிக்கொண்டு அழிப்பதில்லை. அரிவாள் பிடித்து உட்கார்ந்து அரிகிறவர் எதை விட வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்று பார்த்து அரிவார். ஓணானுக்கும் தேரைக்கும் ஒதுங்கி ஓட நேரம் இருக்கும். மெஷினுக்கு அந்தப் பார்வையும் இல்லை, நேரமும் இல்லை.

தரையை ஒட்ட மழித்த இடம் என்னவாகிறது என்பதும் கண்முன் இருக்கிறது. மழையில் சேறாகிக் குழி விழுந்து தண்ணீர் நிற்கும். டிசம்பரில் புழுதியாகும். கட்டுமானப் புழுதியை அடக்கத் தண்ணீர் தெளிக்க வேண்டும், திரை கட்ட வேண்டும் என்று மாநகராட்சி 2023 அக்டோபரில் விதிமுறைகள் கொண்டுவந்தது. புழுதியைச் செலவில்லாமல் பிடித்து வைக்கும் புல்லை நாம் வழித்துப் போடுகிறோம். தாராவி பேருந்து நிலையத்துக்கு எதிரே, குப்பைமேடாக இருந்த 37 ஏக்கரில் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா நிற்கிறது. 1994இல் திறந்தார்கள். சருகும் செடியும் மூடிய அந்தத் தரையில் ஒரு முறை நடந்துவிட்டு வந்து உங்கள் கம்பவுண்டைப் பாருங்கள்.

சொசைட்டி கமிட்டிகளில் இருக்கும் நண்பர்களிடம் கேட்பது இதுதான். இந்த மழைக்கு முன் மெஷின் தீர்மானத்தைக் கைவிடுங்கள். அந்தப் பணத்தில் தொட்டி மூடிகளை மாற்றுங்கள், குப்பையையும் உடைசலையும் அகற்றுங்கள். நடைபாதையையும் விளையாட்டு இடத்தையும் ஜூலை கடைசியில் ஒரு முறை, விதை விழுந்த பின் அக்டோபரில் ஒரு முறை, கூலி கொடுத்து அரிவாளால் அரியச் சொல்லுங்கள். மரத்தைச் சுற்றி இரண்டடிக்கு எதையும் ஓட்டாமல் சருகைப் பரப்பிவிடுங்கள். கட்டாயம் மெஷின் வேண்டும் என்னும் அளவுக்குப் பெரிய இடமானால் பேட்டரியில் ஓடுவதை வாடகைக்கு எடுங்கள். ஓட்டுகிறவருக்குக் கண்ணாடியும் பூட்ஸும் காதடைப்பும் முழுக் கூலியும் கொடுங்கள். ஏற்கெனவே பெட்ரோல் மெஷின் வாங்கியிருந்தால், அதன் கேனை இன்றே மீட்டர் ரூமிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள்.